விழிப்பொட்டுத் தேய்மானம்: ‘விழித்திரைச் சிதைவு’ ஏன் தவறு?

சென்ற மாதம் பெரியம்மாவைக் கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். கிளம்பும்போது கையில் ஒரு துண்டறிக்கையைத் திணித்தார்கள். ‘வயது தொடர்பான உலர் விழித்திரைச் சீரழிவு’ என்று தலைப்பு. ஆட்டோவில் படித்துக் காட்டினேன். “கண்ணில் தண்ணீர் வற்றிவிட்டதா தம்பி? பிறகு ஏன் சொட்டு மருந்து எழுதித் தரவில்லை?” என்றார் பெரியம்மா. தலைப்பில் ஐந்து சொற்கள். அவருக்கு என்ன நோய் என்பதை அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஆங்கில மருத்துவம் இதை ‘மாகுலர் டிஜெனரேஷன்’ என்கிறது. ‘மாகுலா’ லத்தீன் சொல். புள்ளி, கறை என்று பொருள். விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி அது. லூட்டின், ஸியாசாந்தின் என்னும் நிறமிகளால் மஞ்சளாக இருப்பதால் ‘மாகுலா லூட்டியா’ என்றார்கள். ‘மாகுலர்’ என்பது பெயரடை. ‘மாகுலரில் பாதிப்பு’ என்று எழுதுகிறவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

மாகுலர் டிஜெனரேஷனைத் தமிழில் ‘விழித்திரைச் சிதைவு’ என்று எழுதுகிறார்களே, என் சண்டை அந்தச் சொல்லோடுதான். நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. விழித்திரை என்பது கண்ணின் உட்புறச் சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய படலம் முழுவதும். இந்த நோய் தாக்குவதோ அதன் நடுப்பகுதியை. எதிரே நிற்பவரின் முகம் கலங்கிப்போகும். அவர் சேலையின் கரை தெரியும். நாள்காட்டியில் தேதி மறையும். அது மாட்டியிருக்கும் சுவர் தெரியும். பரம்பரையாக வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற இன்னொரு விழித்திரை நோய் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அதில் முதலில் மாலைக்கண், பிறகு ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கிக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகும். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதையும் ‘விழித்திரைச் சிதைவு’ என்றே எழுதுகிறார்கள். நடுவில் மறைக்கும் நோய்க்கும் ஓரத்தில் மறைக்கும் நோய்க்கும் ஒரே பெயர்! இதைப் படிக்கும் முதியவர் தமக்கு எல்லாமே இருண்டுவிடும் என்று நடுங்குகிறார். இந்த நோயில் ஓரப் பார்வை பொதுவாக எஞ்சும், வீட்டுக்குள் நடமாட முடியும் என்ற ஆறுதலை அந்தச் சொல் பறித்துக்கொள்கிறது.

‘சீரழிவு’ இன்னும் மோசம். குடித்துச் சீரழிந்தான், குடும்பம் சீரழிந்தது என்று பேசும் மொழி இது. எழுபது வயதில் பார்வை மங்கும் ஒருவரிடம் அந்தச் சொல்லை நீட்டலாமா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பு இது. எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் தாமே அதை அடித்து நீக்கியிருப்பார்.

மாகுலாவுக்குத் தமிழில் என்ன? தனித்தமிழ் ஆர்வமுள்ள நண்பர் ‘மறு’ என்கிறார். அழகான சொல்தான். ஆனால் உயர்ந்த குடியில் பிறந்தவரின் குற்றத்துக்கு நிலவின் மறுவைத்தான் குறள் உவமையாகச் சொல்கிறது. மறு என்றாலே குறை. கண்ணின் இந்தப் பகுதியோ மிகக் கூர்மையாகப் பார்க்கும் இடம். அதற்கு அந்தப் பெயர் அநியாயம். ‘கறை’யும் அதனாலேயே ஆகாது. ‘புள்ளி’ என்றால், நோயாளிக்கு நடுவில் தெரியும் கரும்புள்ளியே நோய் என்றாகிவிடும். பார்வையே இல்லாத குருட்டுப் புள்ளி வேறு அதே விழித்திரையில் இருக்கிறது. ‘மஞ்சள்’ சேர்த்தாலோ, கண்ணில் மஞ்சள் என்றதும் நம் ஊரில் காமாலைதான் நினைவுக்கு வரும்.

நான் ‘விழிப்பொட்டு’ என்பேன். பொட்டு நடுவில் இருப்பது, சிறியது, குறையாக யாரும் நினைக்காதது. டிஜெனரேஷனுக்குத் ‘தேய்மானம்’ போதும். மூட்டுத் தேய்மானம் என்பது பாட்டிமார் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது. வயதாக ஆக மெல்ல மெல்ல நடப்பது என்று கேட்டவுடன் புரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது என்பதால் ‘முதுமை விழிப்பொட்டுத் தேய்மானம்’. ‘வயது தொடர்பான’ வேண்டாம். குழந்தைக்கும் வயது உண்டு.

உலர் வகை, ஈர வகை என்ற பிரிவும் மாற வேண்டும். இரண்டுக்கும் கண்ணீரோடு தொடர்பில்லை. ‘ஈரம்’ என்பது விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் இரத்தமும் கசிவது. அதைக் ‘கசிவு வகை’ என்றும், மற்றதைக் ‘கசிவில்லா வகை’ என்றும் சொன்னால் பெரியம்மா சொட்டு மருந்து கேட்டிருக்க மாட்டார். கசிவில்லா வகைதான் பெருவாரி, மெதுவாக நகரும். ஆனால் அதுவே கசிவாகவும் மாறலாம். மாறினால் சில நாட்களில், வாரங்களில் பார்வை சட்டென்று இறங்கிவிடும். கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவைக் கட்டுப்படுத்தலாம், தாமதித்தால் இழந்ததை மீட்பது கடினம்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் பொட்டு, தேய்மானம், கசிவு என்ற மூன்று சொற்களில்தான் சொன்னேன். இப்போது காலையில் காப்பி குடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி ஜன்னல் கம்பிகளைப் பார்க்கிறார். பிறகு மறு கண். கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். “கம்பி நேராகத்தான் இருக்கிறது தம்பி, கசியவில்லை” என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.