இயக்குநீர் குலைப்பி: சொல் விளக்கம்

பிளாஸ்டிக், பூச்சிக்கொல்லி, நெயில் பாலிஷ் பற்றிய செய்திகளில் 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்ற பெயர் அடிக்கடி வருகிறது. உடம்பில் ஹார்மோன்களின் வேலையைக் குலைக்கும் வேதிப்பொருள் அது; தமிழில் 'இயக்குநீர் குலைப்பி' எனலாம் என்பது என் கருத்து. 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சுற்றுச்சூழல் ஆய்வாளர் தியோ கோல்போர்ன் கூட்டிய அறிவியலாளர் கூட்டத்தில் உருவான ஆங்கிலச் சொல் அது. 'எண்டோ' என்றால் கிரேக்கத்தில் உள்ளே. எண்டோகிரைன் சுரப்பியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நாளமில்லாச் சுரப்பி என்கின்றன. இலங்கையில் அகஞ்சுரக்கும் சுரப்பி. மூலத்துக்கு இலங்கைச் சொல்தான் நெருக்கம்.

சரி, 'நாளமில்லாச் சுரப்பி சீர்குலைப்பான்' என்று சொல்லிவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. சுரப்பியே பழுதாகிறது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பல நேரங்களில் சுரப்பி நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து வந்த வேதிப்பொருள், செல்லில் ஹார்மோன் போய் அமர வேண்டிய இடமான ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். குலைவது ஹார்மோன் கொண்டுபோகும் கட்டளை. ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தூண்டி இயக்குவது என்று பொருள். ஆகவே 'இயக்குநீர்' கச்சிதமான தமிழ். 'குலை' அதைவிடப் பொருத்தம்: நிலைகுலை, சீர்குலை என்பதுபோல, உடையாமலே ஒழுங்கு கெடுவது.

டி.இ.எஸ். (டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால்) மாத்திரையின் கதையைப் பார்த்தால் இது புரியும். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது செயற்கைப் பெண் ஹார்மோன், அது. கரு கலையாமல் இருக்க அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பலனில்லை என்று 1953இலேயே சிகாகோ ஆய்வு காட்டியும் நிறுத்தவில்லை. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1971இல்தான், அதைச் சாப்பிட்ட தாய்மாரின் மகள்களிடம் அரிய பிறப்புறுப்புப் புற்றுநோய் தெரிந்த பிறகு, எச்சரிக்கை வந்தது.

அப்புறம் அந்த மகள்கள் குழந்தைக்காகக் காத்திருந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் முக்கோணமாகத் தெரிய வேண்டிய கருப்பையின் உட்பகுதி, சிலருக்கு ஆங்கில 'டி' எழுத்துபோல ஒடுங்கியிருந்தது. பெண் சிசுவின் கருப்பை தாயின் வயிற்றிலேயே வடிவம் பெறுகிறது. முட்டைகளும் அங்கேயே உருவாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் வரும் தவறான கட்டளை உடம்பில் அப்படியே நிலைத்துவிடும். 2011இல் வெளியான ஆய்வில், கருத்தரிக்க முடியாமை இந்த மகள்களில் 33.3 சதவீதம்; மற்றப் பெண்களில் 15.5. கருப்பைக்கு வெளியே கரு தங்குவது 14.6 சதவீதம், மற்றவர்களுக்கு 2.9.

பேச்சில் 'ஹார்மோன் குலைப்பி' என்றாலும் சரிதான். சுரப்பியின் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.