பேக்கப்பும் இரண்டின் வர்க்கமூலமும்

"வாராவாரம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன். நாளைக்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரு தடவையாவது திருப்பி எடுத்துப் பார்த்திருந்தால்தான் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்து வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தவறான சர்வரில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவசரத்துக்கு ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. அதில் ஒன்று, மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாமல் ஓசையின்றித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

வீட்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் நிறுவியைப் போட்டு, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டோ செத்துப்போன கம்ப்யூட்டரின் பிரௌசரில் இருக்கும்! இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் பத்திரமாகத் திரும்பி வரும், திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. டாக்குமென்ட்ஸை மட்டும் நகலெடுத்தால் அவை வராது.

சரி, திரும்பி வந்த கோப்பு பழையதேதானா? ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவா முடியும்? எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இங்கேதான் இருக்கிறது: ஷா-256 என்னும் ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஓர் எண். கோப்பை 64 பைட் துண்டுகளாக வெட்டுகிறது. கையில் எட்டு எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட். ஒவ்வொரு துண்டையும் அந்த எட்டு எண்களோடு சேர்த்து, பரோட்டா மாவை மடித்து மடித்து அடிப்பதுபோல் 64 சுற்றுகள் சுழற்றி, கூட்டி, கலக்கிவிடுகிறது. ஒரு வரிக் கடிதமோ, மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவோ, முடிவில் கிடைப்பது 64 எழுத்துதான். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் போதும், விடையின் 256 பிட்டுகளில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும்.

அந்த எட்டு எண்கள் எங்கிருந்து வந்தன? முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களிலிருந்து. இரண்டின் வர்க்கமூலம் 1.41421356... இதில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு 4,29,49,67,296-ஆல் (அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கால்) பெருக்குங்கள். முழு எண் பகுதி 177,90,33,703. இதுதான் முதல் எண். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 64 சுற்றுகளுக்கான 64 மாறிலிகளும், முதல் 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து இதேபோல் எடுத்தவை. ஏன் இந்தச் சுற்றுவழி? இதை வடிவமைத்தது அமெரிக்காவின் என்எஸ்ஏ, அதாவது உளவு அமைப்பு. அவர்களே எண்களைப் பொறுக்கிப் போட்டிருந்தால், உள்ளே ரகசியக் கதவு இருக்குமோ என்று உலகமே சந்தேகப்பட்டிருக்கும். இரண்டின் வர்க்கமூலத்தில் யாரும் கள்ளத்தனம் செய்ய முடியாதே!

விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil), லினக்ஸில் ஷா256சம் (sha256sum) என்று இதற்கான கட்டளைகள் உண்டு. பேக்கப் எடுக்கும்போதே ஹாஷ் பட்டியலையும் எடுத்து வையுங்கள். ஆயுத பூஜைக்கு சிபியுவுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொட்டு வைத்த கையோடு டிஸ்க்கைச் செருகி, ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் மீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம். எலுமிச்சம்பழம் ஹார்ட் டிஸ்க்கைக் காக்கும் என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஹாஷுக்கும் ஓர் எல்லை உண்டு. பேக்கப் எடுத்தபோதே கோப்பு கெட்டிருந்தால், கெட்டதைத்தான் அது அப்படியே உறுதிசெய்யும். அதனால் பழைய நகலை உடனே அழித்துவிடாதீர்கள். எண் பொருந்தவில்லையா? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமை (RAM) சந்தேகியுங்கள். அதே தவறான எண்ணே வந்தால், டிஸ்க்கில் பதிந்திருப்பதே பெரும்பாலும் மாறியிருக்கும். பழைய நகலைத் தேட வேண்டியதுதான்.