சுய இன்பம், பரிசுத்தம், குற்ற உணர்வு: ஒரு கிறிஸ்தவ மனநல மருத்துவர் எழுதுவது

"தூக்கம் வரல டாக்டர்" என்றுதான் பேச்சு தொடங்கும். படிப்பில் மனம் ஒட்டவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சபைக்குப் போகவே பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு மூன்று சந்திப்புகள் கழிந்த பிறகு, கூட வந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஒரு பாவப் பழக்கம் இருக்கு" என்பார்கள். பழக்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "சுய இன்பமா?" என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கும். ஒரு மருத்துவர் அந்தச் சொல்லைச் சாதாரணக் குரலில் சொல்லக் கேட்டதுமே பலருக்கு மூச்சு சீராகும். சிலர் அழுதுவிடுவார்கள்.

நானும் ஒரு விசுவாசிதான். சுய இன்பம் பாவமா இல்லையா என்று தீர்ப்பு எழுத இங்கே உட்காரவில்லை. அதற்கு அவரவர் சபையின் போதனை இருக்கிறது. அந்தப் போதனையின் பெயரால் பிள்ளைகள் தலையில் ஏறியிருக்கும் வெட்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த வெட்கம் பழக்கத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. வளர்த்துத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேதாகமம். சுய இன்பத்தைப் பெயர் சொல்லித் தடுக்கும் வசனம் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எங்கும் இல்லை. பலரும் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 38இல் வரும் ஓனானை. அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். அண்ணன் ஏர் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறான். அவன் மனைவி தாமாரைச் சேர்ந்து அண்ணன் பெயருக்கு ஒரு வாரிசு உண்டாக்குவது தம்பியின் கடமை. உபாகமம் 25 அந்த முறையை விரிவாகச் சொல்கிறது. பிறக்கும் பிள்ளை தன் பேரில் இராது என்று தெரிந்த ஓனான், அவளோடு சேர்ந்தபோதெல்லாம் விந்தைத் தரையில் விழவிட்டான். ஒரு விதவைக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் ஏய்த்தவனின் கதை அது. பூட்டிய அறைக்குள் ஒரு பையன் செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லேவியராகமம் 15ஐ யாரும் பிரசங்கத்தில் எடுப்பதில்லை. நோயினால் ஒருவனுக்குக் கசிவு ஏற்பட்டால், குணமான பின் எட்டாம் நாளில் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ பலியாகக் கொண்டுவர வேண்டும் என்கிறது அந்த அதிகாரம். விந்து வெளிப்பட்டால்? குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை தீட்டு, அவ்வளவுதான். பலி இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தாலும் அதே சட்டம்தான். தூக்கத்தில் விந்து வெளியேறியதற்காக மூன்று நாள் உபவாசம் இருந்த பையன்களிடம் இந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மத்தேயு 5:28ஐ யாரும் தாண்டிப்போக முடியாது. "ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரஞ்செய்தாயிற்று." சபைகளின் வாதம் உண்மையில் நிற்பது இந்த வசனத்தின் மேல்தான். உடல் வெறும் சதை மட்டுமல்ல, பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6 சொல்வதும் சேர்ந்துகொள்ளும். மனதுக்குள் இன்னொரு மனுஷியை வெறும் பண்டமாக்குவது பற்றிய எச்சரிக்கை அந்த மத்தேயு வசனம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு தெளிவானது. 1975 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட பாலியல் ஒழுக்கம் பற்றிய அறிக்கையும், 1992இல் வந்த மறைக்கல்வி நூலின் 2352ஆம் பத்தியும், இது தன்னிலேயே பெரிதும் ஒழுங்கு தவறிய செயல் என்கின்றன. அந்தப் பத்தி அத்தோடு முடிந்துவிடுவதில்லை. உணர்ச்சி முதிராத வயது, ஊறிப்போன பழக்கத்தின் வலு, பதற்றம், மற்ற உளவியல், சமூகக் காரணங்கள் ஆகியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், மிகமிகச் சிறிதாகக்கூட ஆக்கிவிடலாம் என்றும் அதே பத்தி சொல்கிறது. சாவான பாவம் (கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் பாவம்) என்பதற்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதே நூலின் 1857ஆம் பத்தி. என்னிடம் வரும் கத்தோலிக்க இளைஞர்களில் பெரும்பாலோருக்கு முதல் பாதி மனப்பாடம். இரண்டாம் பாதி இருப்பதே தெரியாது.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதைப் பாவமென்றே கொண்டாலும், ஆன்மிகத் தந்தையின் வழிநடத்தலில் ஆற வேண்டிய புண்ணாகப் பார்க்கின்றன. புராட்டஸ்டண்ட் பக்கம் ஒரே குரல் கிடையாது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் ஓனான் பகுதிக்கு எழுதிய விளக்கம் மிகக் கடுமையானது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் பழமைவாத இவாஞ்சலிக்கல் வட்டாரத்திலேயே மதிக்கப்பட்ட உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன், கடவுள் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று வளரிளம் பிள்ளைகளுக்கு எழுதினார். இன்றைக்கும் எப்படியிருந்தாலும் பாவம்தான் என்கிற போதகர்களும் உண்டு. இச்சையும் ஆபாசமும் கலந்தால்தான் பாவம் என்பவர்களும் உண்டு. மனசாட்சிக்கு விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தன் உடலைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் பதினாலு வயதுப் பிள்ளையும், மனைவியை ஒதுக்கிவிட்டு இரவெல்லாம் திரையோடு கிடக்கிற நாற்பது வயதுக்காரரும் ஒரே கேள்வி அல்ல. இருவரையும் ஒரே பிரசங்கத்தில் ஒரே சொல்லால் அடிப்பது அநியாயம். ஆபாசக் காணொளி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அதில் தெரிகிற பெண்ணும் ஒருவருக்கு மகள். அவள் சம்மதத்தோடு அங்கே நிற்கிறாளா என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது.

குருடாகிவிடுவோம், நரம்பு தளர்ந்துவிடும், பிள்ளை பிறக்காது என்ற பயங்களுக்கும் வேதாகமத்துக்கும் சம்பந்தமே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பெயரில்லாமல் ஒரு துண்டு நூல் வந்தது. பயத்தைக் கிளப்பிவிட்டு, கூடவே மருந்தையும் விற்றது. 1760இல் சுவிஸ் மருத்துவர் தீசோ, ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் இரத்தம் போவதைவிட உடலை வாட்டும் என்று எழுதினார். பக்தியும் வைத்தியமும் அந்தக் கருத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டன. மருத்துவம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. விந்தணு நாள்தோறும் உற்பத்தியாகிறது. சேமித்து வைக்கும் சரக்கல்ல. பார்வை, நினைவாற்றல், பிள்ளைப்பேறு எதுவும் இதனால் கெடுவதில்லை. முரட்டுத்தனமான ஒரே முறைக்குப் பழகிவிட்டவர்களுக்குப் பின்னாளில் தாம்பத்தியத்தில் உச்சம் எட்டத் தாமதமாகலாம். அது சரிசெய்யக் கூடியது.

வெட்கத்துக்கு வருவோம். கல்லூரி மாணவர் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் பச்சையில் ஒரு டிக், அல்லது சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நான் சிவப்பை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஒற்றைச் சிவப்பு அபூர்வமாகத்தான் இருந்தது. ஒன்று விழுந்தால் பின்னாலேயே மூன்று, நான்கு. "ஏன் தம்பி இப்படி?" என்றேன். "ஒருதரம் விழுந்துட்டா, அதான் எல்லாம் போச்சே, இனி என்ன இருக்குன்னு தோணிடும் டாக்டர். புது மாசத்துலேருந்து ஆரம்பிச்சுக்கலாம்னு விட்டுடுவேன்."

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், குடியை விட முயல்கிறவர்களிடம் இதையே கண்டு விளக்கியிருக்கிறார். ஒருமுறை சறுக்கியதும் "நான் இவ்வளவுதான்" என்று தன்னையே பழிக்கிறவர், ஒரு கிளாஸோடு நிறுத்தியிருக்க வேண்டியதை மூக்குமுட்டக் குடிப்பதாக மாற்றிவிடுகிறார். பழக்கத்தைப் பெருக்குவது முதல் சறுக்கலைவிட அந்தப் பழிதான். எண்ணத்தை அடக்குவதிலும் இதே சிக்கல். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார், அவர்களால் முடியவில்லை. தடையை நீக்கியதும் முன்பைவிட அதிகமாக நினைத்தார்கள். "இச்சை எண்ணம் வரவே கூடாது" என்று காவல் காக்கிறவர் நாள் முழுக்க அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த மாணவருடைய சிவப்பு நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: தேர்வு முடிவு வந்த இரவு, அப்பா திட்டிய இரவு, விடுதியில் அறைத்தோழன் ஊருக்குப் போயிருந்த வார இறுதி. காமத்தைவிடத் தனிமைதான் அவரை அங்கே தள்ளியிருந்தது. முடிந்ததும் அருவருப்பு, அருவருப்பால் ஜெபிக்க முடியாமை, வாலிபர் கூட்டத்துக்குப் போகாமை, அதனால் இன்னும் தனிமை. மாதக்கணக்கில் திருவிருந்தும் எடுக்கவில்லை. "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் பவுல் எழுதியிருக்கிறார், சோதித்தறிந்து விலகி நில் என்று எழுதவில்லையே என்று அவருடைய போதகரே எடுத்துச் சொன்ன பிறகுதான் மேசைக்குத் திரும்பினார். (கத்தோலிக்கருக்கு நற்கருணை ஒழுங்கு வேறு, அதை ஒப்புரவு கேட்கும் குருவிடமே பேச வேண்டும்.)

"நான் அடிமையாகிட்டேனா?" என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கவனமான பதில் இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்று ஒன்று சேர்க்கப்பட்டது. ஆறு மாதமோ அதற்கு மேலோ பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பு, வேலை, உறவு, உடல்நலம் போன்றவை பாதிக்கப்பட்டும் நிறுத்த முடியாவிட்டால்தான் அந்தப் பெயர். தான் செய்வது ஒழுக்கக்கேடு என்ற வேதனை மட்டுமே இருந்தால் அது போதாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆபாசம் தவறு என்று உறுதியாக நம்புகிறவர்கள், மற்றவர்கள் பார்க்கும் அளவே பார்த்தாலும் தங்களை அடிமைகள் என்று கருதும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய வேதனை பொய்யில்லை. ஆனால் அதற்கான சிகிச்சை வேறு.

இன்னொரு வகையினரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கும். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவார்கள். கனவில் வந்ததற்கு நான் சம்மதித்தேனா, குளிக்கும்போது கை பட்டது வேண்டுமென்றா, போன தடவை முழுசாகச் சொன்னேனா என்று முடிவே இருக்காது. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன் என்று நடுங்குவார்கள். இது பக்தியின் வேஷம் போட்டு வரும் எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனையில் இருந்தார். பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் ஆறுதல் கிடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று நிறுத்திய பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. இன்று நாங்கள் செய்யும் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதுதான்: பதற்றம் எழும்போது அறிக்கைக்கு ஓடாமல் அதைத் தாங்கப் பழக்குவது, தேவைப்பட்டால் மாத்திரை. பலருக்கு நன்றாகவே குறையும்.

பெண்களைப் பற்றிச் சபைகளில் யாரும் பேசுவதில்லை. சுய இன்பம் ஆண்களின் போராட்டம் என்றே எல்லாப் போதனையும் போகிறது. அதனால் அந்தப் பழக்கமுள்ள பெண் பிள்ளை, உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். திருமணம் வரை "உடம்பே ஆபத்து" என்று கேட்டு வளர்ந்தவள், திருமண இரவில் ஒரே நொடியில் அதை மறந்துவிட முடியாமல் கணவன் தொட்டாலே விறைத்துப்போகிறாள். 1990களில் அமெரிக்க சபைகள் பிள்ளைகளிடம் கற்பு உறுதிமொழி அட்டைகளில் கையெழுத்து வாங்கின. ஐந்து வருடம் கழித்து அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்த ஜேனட் ரோசன்பாம் 2009இல் வெளியிட்ட முடிவு: 82 சதவீதம் பேர் உறுதிமொழி எடுத்ததையே மறுத்தார்கள், திருமணத்துக்கு முந்தைய பாலுறவில் மற்றவர்களோடு வித்தியாசமில்லை.

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளை 'பரிசுத்தம்' பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். "போனது போனதுதான்" என்று அது முடிவு செய்துவிடுகிறது. தொட்டவனைப் பற்றி யாரிடமும் சொல்லாது. கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது பலவந்தப்படுத்தப்பட்ட பெண்களைப் பற்றி அகஸ்தீன் எழுதினார்: கற்பு மனதின் உறுதியில் இருக்கிறது; இன்னொருவனின் வன்முறையால் அது போகாது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னேயே சொல்லப்பட்ட இதை ஒவ்வொரு வாலிப முகாமிலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

போராடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு: டைரியை மூடி வையுங்கள். எத்தனை நாள் என்று எண்ணாமல், எந்த நேரத்தில், என்ன மனநிலையில் என்று கவனியுங்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். நம்பிக்கையான ஒருவரிடம், ஒருவரிடம் மட்டும், சொல்லி வையுங்கள். பெற்றோருக்கு: கதவைத் திறந்து பார்த்துவிட்டால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். அன்று பேச வேண்டாம். மறுநாள் அமைதியாகப் பேசலாம்.

போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாவத்தை அறிக்கையிட்டு ஒருவர் உங்கள் முன் அழும்போது, "எத்தனை தரம்?" என்று கேட்பதற்கு முன், "தூங்குறியா? சாப்பிடுறியா? செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணிச்சா?" என்று கேளுங்கள். தோன்றியது என்று சொன்னால், ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே நீங்களே கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.