அப்பாவின் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா? முதலில் இதைச் செய்யுங்கள்

அப்பா கண்ணை மூடிய அன்றே அவருடைய துப்பாக்கி லைசென்ஸும் முடிந்துபோகிறது. புத்தகத்தில் இன்னும் சில வருடம் காலம் மீதி இருந்தாலும் அது அவர் ஒருவருக்குத்தான். மனைவிக்கோ பிள்ளைக்கோ செல்லாது. கருமாதி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துபோன குடும்பங்களை நெல்லிக்குப்பம், பாகூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். கரும்பில் பன்றி இறங்காமல் காக்க அப்பா வாங்கிய டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி அது. திண்ணையில் உட்கார்ந்து அவர் எண்ணெய் போட்டுத் துடைத்ததும், கன்னம் பதிந்து பதிந்து கட்டையில் மழுங்கிப்போன இடமும் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகம் போனால் 5 வருடம் சிறை.

அதனால் தாமதிக்காமல் துப்பாக்கியையும் மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் டெபாசிட் செய்யுங்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21 இதற்குத்தான் இருக்கிறது. பக்கத்துக் காவல் நிலையத்திலும் வைக்கலாம், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் வைக்கலாம். 'ஸ்டேஷனில்தான் வைக்கணும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். கடையில் வாடகை கேட்பார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். கடலோர உப்புக்காற்றில் இது சின்ன விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவரின் துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது குழல் முழுக்கத் துரு, தோள்வாரைக் காணோம். ரசீதில் 'துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்ததால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

ரசீதில் தயாரிப்பாளர் பெயர், குழலில் பொறித்த எண், தோட்டா எண்ணிக்கை, தற்போதைய நிலை எல்லாம் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கொடுக்கும் கடிதத்தில் 'பிரிவு 21-இன்படி டெபாசிட் செய்கிறேன், வாரிசு முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று தெளிவாக எழுதுங்கள். ஸ்டேஷன் ரைட்டர் தானே ஒரு வாசகம் எழுதிக் கையெழுத்து கேட்டால் முழுதும் படியுங்கள். 'எங்களுக்குத் தேவையில்லை, அரசே எடுத்துக்கொள்ளட்டும்' என்ற பொருளில் கையெழுத்து போட்டுவிட்டுப் பிறகு அழுதவர்கள் உண்டு. டெபாசிட் செய்ததைக் கேட்காமலே கிடப்பில் போட்டாலும் கெடு முடிந்ததும் அரசுக்குப் பறிமுதல் ஆகிவிடும்.

இன்னொன்று: தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னபோது அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்காமலே போயிருக்கலாம். லைசென்ஸ் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் அந்த ரசீதைத் தேடுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி, இறந்தவரின் வாரிசுக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது. 'உயிருக்கு என்ன ஆபத்து, எதற்குத் துப்பாக்கி?' என்று கேட்டே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக ஆயுதம் கேட்பவரிடம் கேட்கிற கேள்வி அது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே விதி 25 என்று எழுதுங்கள். அதற்காக லைசென்ஸ் தானாக வந்துவிடாது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும், போலீஸ் அறிக்கையில் பாதகம் இருக்கக் கூடாது.

பலர் தடுக்கி விழுவது வரப்புத் தகராறில். பங்காளியோடு சண்டை, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம். 'அது கேஸே இல்லையே' என்று நினைத்து விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை சட்டப்படி லைசென்ஸ் கிடையாது. முடிந்த பிறகு போடுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் இன்றே மனுப் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்காகக் காத்துக்கிடக்கும். அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த அக்கா தங்கை எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். காரியத்துக்கு எல்லாரும் வீட்டில் கூடியிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொத்துப் பேச்சு தொடங்கிய பிறகு கையெழுத்து கிடைப்பது கஷ்டம்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு தனிச் சிக்கல். அப்பா புதுச்சேரியின் பாகூரில், பிள்ளை கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்றால் விண்ணப்பம் பிள்ளை குடியிருக்கும் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு. துப்பாக்கி டெபாசிட் ஆவது புதுச்சேரி எல்லைக்குள். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே. இரண்டு இடத்திலும் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு பஸ் தூரம்தானே என்று துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி எடுத்து வர வேண்டாம். சோதனையில் மாட்டினால் அப்பாவின் ஞாபகம் என்று சொல்லித் தப்ப முடியாது.

'பழசு, சுடாது, லைசென்ஸ் எதற்கு' என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான் விலக்கு. தோட்டாவை அடிக்கும் ஊசியைக் கழற்றி வைத்தால் போதாது.

அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் இத்தனை அலைச்சலும் வேண்டாம். அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருடம் ஆகியிருந்தாலோ, அவரே ஒரு வாரிசைச் சொல்லி, அந்த வாரிசு இப்போதே விண்ணப்பிக்கலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரிசு முறையில் வந்தாலும் இதே கணக்குதான்.

போலீஸ் அறிக்கை வரவில்லை என்று ஃபைலைக் கிடப்பில் போட்டால், அறிக்கைக்கு விதிகள் தரும் அவகாசம் 30 நாள் என்று எழுத்தில் ஞாபகப்படுத்துங்கள். அது தாண்டினால் அறிக்கை இல்லாமலே முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வாய்வார்த்தையாக 'கிடைக்காது' என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியும்.