65 ஆண்டுகள் மறக்காத உடல்

1846ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராய அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் (Panum) என்பவர், 1781இல் அங்கு தட்டம்மை வந்தபோது நோயுற்று மீண்டு, இன்னும் உயிரோடிருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தாக்கவில்லை என்பதைக் கண்டறிந்தார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்நோய் தீவுகளை எட்டிப்பார்க்கவே இல்லை. அதாவது, கிருமியை மீண்டும் காணாமலேயே உடல் தன் நினைவைக் காத்திருக்கிறது.

அந்த நினைவு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் உள்ள சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களில் உருவாகத் தொடங்குகிறது. புதிய கிருமியின் துணுக்குகள் அங்கு வந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தைப் பற்றக்கூடிய கோடிக்கணக்கான பி செல்களில் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை), அந்தத் துணுக்குடன் பொருந்தும் மிகச் சில மட்டும் பெருகுகின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான். பெருகும்போதே அவற்றின் மரபணுக்களில் சிறு மாற்றங்கள் நேர, கிருமியை இன்னும் இறுகப் பற்றுபவை நீடிக்கின்றன, மற்றவை மடிகின்றன. ஓர் உடலுக்குள் சில வாரங்களில் நடந்தேறும் பரிணாமம் இது. உடலியலில் இதைவிட வியப்பூட்டும் நிகழ்வை நான் அறியேன்.

இந்த பி செல்களின் வழித்தோன்றல்கள் சுரக்கும், கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை சுமார் 3 வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் பாதுகாப்பு நீடிப்பதற்குக் காரணம், தேர்ந்த பி செல்களின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் தங்கி, பல்லாண்டுகளுக்கு எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருப்பதுதான். மற்றொரு பகுதி நினைவுச் செல்களாகக் காத்திருந்து, அதே கிருமி திரும்பி வந்தால் சில நாட்களிலேயே பெருகி எதிர்கொள்கிறது.

தன்னைப் பற்றிய நினைவை இவ்வளவு உறுதியாகப் பதிக்கும் தட்டம்மை வைரஸ், பிற நோய்களைப் பற்றிய நினைவைச் சிதைக்கவும் செய்கிறது, ஏனெனில் அது நினைவுச் செல்களையே தொற்றி அழிக்கிறது. தடுப்பூசி போடப்படாத குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், பிற கிருமிகளுக்கு எதிராக முன்பிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்துபோயிருந்தது தெரியவந்தது. மேனியில் தடிப்புகள் ஆறி, குழந்தை தேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்த பிறகும், அது முன்பே வென்றிருந்த நோய்கள் மீண்டும் தாக்கும் வாய்ப்பு நெடுநாள் நீடிக்கிறது. இயற்கையாக வந்துபோகட்டும் என்று தடுப்பூசியைத் தவிர்ப்போர் எண்ணிப் பார்க்காத இழப்பு இதுவே. தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸோ, தட்டம்மைக்கு எதிரான நினைவை மட்டும் பதிக்கிறது. பிற நினைவுகளை அழிப்பதில்லை.