ஆவணக்காப்பகம் என்ற சொல்லும் போர்க்குற்றக் கோப்புகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த போர்க்குற்ற விசாரணைகளைப் பற்றி எதைப் படித்தாலும் 'ஆர்கைவ்' என்ற சொல் வந்துவிடும். தமிழில் இதற்கு ஆவணக்காப்பகம் என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் சுவடிக்கூடம் என்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் சென்னையில் ரெக்கார்டு ஆபீஸ் என்றாலே போதும், எல்லாருக்கும் புரியும். பெயர் எதுவானாலும் 'பழைய காகிதம் வைக்கிற இடம்' என்பதற்கு மேல் நாம் யோசிப்பதில்லை. ஆனால் இந்தச் சொல்லின் இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்த்தால், போர்க்குற்றக் கோப்புகளுக்கு நேர்ந்தது என்ன என்பதும் விளங்கும்.

முதலில் மேற்கத்தியச் சொல். கிரேக்கத்தில் 'ஆர்கே' என்றால் தொடக்கம். ஆட்சி என்றும் பொருள். ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் 'ஆர்கான்'. அவருடைய அலுவலகம் 'ஆர்கெயான்'. அரசுப் பத்திரங்கள் அங்கே இருந்ததால் அந்த இடத்தின் பெயரே பத்திரங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. லத்தீனில் 'ஆர்கிவும்' ஆகி, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச்சொல்லில் ஓலையும் இல்லை, மையும் இல்லை. அதிகாரியின் கட்டடம்தான் இருக்கிறது.

தமிழ்ச் சொல் அப்படி இல்லை. ஆவணம் என்பதற்குப் பழந்தமிழில் கடைவீதி என்று ஒரு பொருள், உரிமைப் பத்திரம் என்று இன்னொரு பொருள். சோழர் கல்வெட்டுகளில் நிலம் கைமாறும் இடங்களில் விலையாவணம், ஆவணக்களரி என்ற சொற்கள் வருகின்றன. களரி என்றால் மன்றம்; ஆவணங்களை எழுதிப் பதிந்துகொள்ளும் இடம் ஆவணக்களரி. ஆக, எழுதப்பட்ட சான்று என்பதுதான் நம் சொல்லின் முதல் பாதி.

இரண்டாம் பாதியான காப்பு எப்படி வேலை செய்தது என்பதற்குப் பெரியபுராணத்தில் வரும் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. சுந்தரரின் திருமணத்தில் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை' என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் மூல ஓலையைப் பார்த்தவுடன் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. பாட்டன் கைப்பட எழுதிய வேறொரு ஓலையை 'அரண்தரு காப்பில்' இருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்புநோக்குகிறார்கள். ஒத்துப்போகிறது. அப்புறம்தான் தீர்ப்பு. மூலம், படி, ஒப்புநோக்கல், காவலில் இருக்கும் இன்னொரு சான்று என்று ஒரு காப்பகத்தின் வேலை முழுவதும் 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. வந்தவர் சிவபெருமான் என்பது வேறு விஷயம். அவரும் ஆவணத்தோடுதான் வர வேண்டியிருந்தது.

இதே மூலம், படி விவகாரம், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை நேச நாடுகள் விசாரித்த ஜெர்மன் நகரமான நியூரம்பர்க்கிலும் வந்தது. ஐரோப்பாவின் யூதர்களை அழிக்கும் வேலையை எந்தத் துறை எப்படிச் செய்வது என்று பேச 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் புறநகர்ப் பகுதியான வான்சேயில் 15 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டக் குறிப்பு 30 படிகள் எடுக்கப்பட்டது. முதன்மை விசாரணை 1945 நவம்பரில் தொடங்கி 1946 அக்டோபர் 1 அன்று முடிந்தது. அதுவரை ஒரு படிகூட வழக்கறிஞர்களின் கையில் சிக்கவில்லை. 1947இல் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கோப்புகளைத் துழாவியவர்களுக்கு ஒன்று கிடைத்தது. அதன்மேல் இருந்த எண் 16. மற்ற 29 படிகளில் எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. இன்று அந்தக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த 15 பக்கப் படியிலிருந்து வருவதுதான்.

முதன்மை விசாரணையின் மூலப் பதிவுகள் 1950 முதல் ஹேக் நகரில், சர்வதேச நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. காகிதம் மட்டுமல்ல. நீதிமன்றத்தில் பேசியதை அப்படியே பதிந்த இசைத்தட்டுகள் 1,942. ஓடவிட்டால் சுமார் 775 மணி நேரம். ஆவணம் என்றவுடன் எழுத்தை மட்டும் நினைக்கும் பழக்கத்தை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

ஜெர்மானியர்கள் நிறைய எழுதி வைத்தார்கள், நிறைய விட்டுவிட்டும் போனார்கள். ஜப்பான் தரப்பில் நிலைமை வேறு. 1945 ஆகஸ்டில் சரணடையும் முடிவு வந்ததும் கோப்புகளை எரிக்க உத்தரவு பறந்தது. பிறகு சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் கூடியபோது, குற்றம் செய்த தரப்பின் காகிதங்களை அதிகம் நம்பியிருக்க முடியவில்லை. உயிர் பிழைத்தவர்களின் சாட்சியமும், நேரில் வர முடியாதவர்கள் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களும்தான் வழக்கைத் தாங்கின. 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் மட்டும் 131 வழக்குகள். அந்தக் கோப்புகள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 235 என்ற வரிசையில் இருக்கின்றன. டபிள்யூ.ஓ. என்றால் போர் அலுவலகம்.

ஒரு கோப்பைத் திறந்தால் குற்றப்பத்திரிகை, நீதிமன்ற நடவடிக்கைகளின் தட்டச்சுப் பிரதி, சான்றாவணங்கள், தண்டிக்கப்பட்டவர் அனுப்பிய மனு, சட்ட அதிகாரியின் கருத்துரை, தண்டனையை உறுதிசெய்த ஆணை என்று எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். கோப்பு என்ற சொல்லே கோத்து வைப்பதிலிருந்து வந்ததுதான். ஆங்கில 'ஃபைல்' லத்தீனில் நூலைக் குறிக்கும் 'ஃபிலும்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டு மொழிக்காரர்களும் காகிதத்தை நூலில்தான் கோத்திருக்கிறார்கள்.

ஆனால் எழுதப்பட்டதைத்தான் கோக்க முடியும். போரின்போது ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப்' பிரிவில் 7,000 போர்க் கைதிகள். அவர்களில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்காக 1946இல் 7 பேர்மீது வழக்கு நடந்தது. கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் எந்த நாளில் எந்த நோயில் இறந்தார் என்று ஒளித்து ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். அதே பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுத யாரும் இல்லை. ஆகவே வழக்குக் கோப்புகளில் கைதிகளுக்குப் பெயரும் தேதியும் இருக்கும்; நம்மவர்கள் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்துபோவார்கள். காப்பகத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று யாராவது வாதாடினால் இந்த வழக்குகளை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, காப்பு என்ற சொல்லுக்கு வருவோம். திருவிழாவுக்குக் காப்பு கட்டுகிறோம், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைக்கிறோம், இரண்டும் பாதுகாப்பு. போலீஸ் கையில் காப்பு மாட்டியது என்றால் அது விலங்கு. போர்க்குற்ற ஆவணங்கள் இந்த இரண்டு காப்பையும் பார்த்தவை. 1943இல் நேச நாடுகள் அமைத்த போர்க்குற்ற ஆணையத்தின் கோப்புகள் ஐ.நா.வின் நியூயார்க் காப்பகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. 1987இல் ஆய்வாளர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. பொதுமக்கள் தாராளமாகப் பார்க்க 2014 ஆயிற்று, அதுவும் வாஷிங்டனில் இருக்கும் படி வழியாக.

இத்தாலியக் கதை இதைவிட மோசம். அந்த மொழியில் 'ஆர்கிவியாரே' என்றால் காப்பகத்தில் சேர்ப்பது. சட்டத்தில் அதற்கே வழக்கை முடித்துவைப்பது என்றும் பொருள். 1943 முதல் 1945 வரை நாஜிகளும் இத்தாலிய பாசிஸ்டுகளும் நடத்திய படுகொலைகளைப் பற்றிய கோப்புகளுக்கு, ராணுவத் தலைமை வழக்கறிஞர் 1960 ஜனவரியில் 'தற்காலிகக் காப்பகச் சேர்ப்பு' என்று உத்தரவு போட்டார். சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. தமிழில் இதற்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: கிடப்பில் போடுவது. ரோமில் ராணுவ வழக்கறிஞர் அலுவலகக் கட்டடம் ஒன்றில், கதவுகள் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்த ஒரு மர அலமாரியில் அவை கிடந்தன. 1994இல், வேறொரு போர்க்குற்ற வழக்குக்காகத் தேடியபோது வெளியே வந்தன. மொத்தம் 695 கோப்புகள். 'அவமான அலமாரி' என்று இத்தாலியப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1944 ஆகஸ்ட் 12 அன்று சாந்தன்னா தி ஸ்தாட்சேமா என்ற மலைக்கிராமத்தில் நடந்த படுகொலைக்கு 2005இல்தான் தீர்ப்பு வந்தது. நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்த முன்னாள் படையினர் 10 பேருக்கு, அவர்கள் நேரில் வராமலே, ஆயுள் தண்டனை. ஜெர்மனி அவர்களை இத்தாலியிடம் ஒப்படைக்கவில்லை.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியவை. இடத்தையும் நிறுவனத்தையும் ஆவணக்காப்பகம் எனலாம். உள்ளே இருப்பவை காப்பக ஆவணங்கள். அவற்றைப் பேணுபவர் ஆவணக்காப்பாளர். ஆங்கிலத்தில் இடத்தையும் உள்ளே இருப்பவற்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள் என்பதற்காகத் தமிழிலும் குழப்பத் தேவையில்லை. 'ஆர்கைவ் செய்தார்கள்' என்று வரும் இடத்தில், பாதுகாக்கச் சேர்த்தார்களா, கிடப்பில் போட்டார்களா என்று பார்த்து, முதலாவதற்குக் காப்பகத்தில் சேர்த்தார்கள் என்றும் இரண்டாவதற்குக் கிடப்பில் போட்டார்கள் என்றும் எழுத வேண்டும். 'ஆவண காப்பகம்' என்று ஒற்று இல்லாமல் பலகைகளில் பார்க்கிறோம். நடுவில் க் கட்டாயம் வேண்டும்.