பாடி மெமரி: ஸிக்கரோன், ஜ்ர், உள்ளல்

இப்போ யோகா கிளாஸ்ல இருந்து கவுன்சலிங் வரைக்கும் எங்க பார்த்தாலும் 'பாடி மெமரி'ன்னு ஒரு வார்த்தை ஓடுது, தமிழ்ல எழுதுறவங்களும் 'உடல் நினைவு'ன்னு போட்டுட்டு போயிடறாங்க. சைக்கிள் ஓட்டப் பழகினது மறக்காம இருக்கே அந்த அர்த்தத்துல சொல்றதா இருந்தா புதுச்சொல்லே வேண்டாம், கைப்பழக்கம் நாப்பழக்கம்னு நம்மகிட்ட எப்பவோ இருக்கு. ஆனா யூத மரபுலயும் சீன வைத்தியத்துலயும் நினைவு உடம்புல இருக்குன்னு சொல்றப்போ அது பழக்கத்தப் பத்தின பேச்சு கிடையாது, அதுலயும் இவங்க சொல்றது ஒண்ணு அவங்க சொல்றது ஒண்ணு. ரெண்டையும் ஒரே வார்த்தையில போட்டு மூடக்கூடாதுங்கறதுதான் என் கருத்து.

முதல்ல எபிரேயம். ஸகோர்னா 'நினை', ஸிக்கரோன்னா நினைவுக்குறி. நம்ம ஊர் முஸ்லிம்கள் தொழுகை முடிஞ்சு திக்ரு ஓதறாங்க இல்லையா, அந்த அரபுச் சொல்லும் இந்த எபிரேயச் சொல்லும் ஒரே செமிட்டிக் வேர்ல இருந்து வந்தது. பைபிள்ல வர்ற சகரியாங்கற பேரும் அதே வேர்தான், 'கர்த்தர் நினைவுகூர்ந்தார்'னு அர்த்தம். பழைய அக்காடிய மொழியில இந்த வேருக்கு பேர் சொல்றது, வாயால சொல்றதுன்னு பொருள். அதனால இந்தக் குடும்பத்துல நினைக்கிறது மண்டைக்குள்ள சத்தமில்லாம நடக்குற வேலையா மட்டும் இருந்ததில்ல.

யாத்திராகமம் 13:9ல எகிப்துல இருந்து வெளிய வந்தது உன் கையில ஒரு அடையாளமாவும் கண்களுக்கு நடுவுல ஒரு ஸிக்கரோனாவும் இருக்கணும்னு வருது. இத அப்படியே உடம்புல செஞ்சு காட்டுறதுதான் தெஃபிலின். தோரா (யூதர்களோட வேதம்) வசனங்கள் எழுதின தோல்சுருள் உள்ள சின்ன கறுப்புப் பெட்டி ரெண்டு, ஒண்ணு நெத்திக்கு மேல, இன்னொண்ணு மேல்கையில இதயத்தப் பார்த்து சாய்ஞ்ச மாதிரி, வலதுகைக்காரங்கன்னா இடது கையில. வாரை முன்கையில ஏழு சுத்து சுத்துவாங்க, காலைத் தொழுகை முடிஞ்சு கழட்டினப்புறமும் அந்த வார் அழுத்தின தடம் தோல்ல கொஞ்ச நேரம் அப்படியே தெரியும். தமிழ் பைபிள் மத்தேயு 23:5ல இதுக்கு 'காப்புநாடா'ன்னு போட்டிருக்கு, அது கிரேக்கச் சொல்ல ஒட்டி வந்தது, படிக்கிறவனுக்கு தாயத்துன்னு தோணும். தோரா சொல்ற பேர வச்சு பார்த்தா 'நினைவுநாடா'ன்னு சொல்றதுதான் பொருந்தும்னு நான் நினைக்கிறேன்.

இன்னும் நேரடியா தால்முத்ல, அதாவது யூத ரபிகளோட (மதகுருக்களோட) சட்ட விளக்கத் தொகுப்புல, ஒரு கதை இருக்கு, ஏரூவின் பகுதியில. ரபி மெயிரோட மனைவி பெரூரியா, படிப்புல ரொம்ப பெரிய ஆள், ஒரு மாணவன் முணுமுணுன்னு வாய்க்குள்ளயே படிக்கிறதப் பார்த்து ஒரு உதை விட்டாங்க. உன்னோட 248 உறுப்புலயும் (அவங்க கணக்குல உடம்பு முழுக்க) பாடம் ஒழுங்கா அமைஞ்சாத்தான் நிக்கும், இல்லன்னா நிக்காதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பக்கத்துலயே ரபி எலியேஸரோட மாணவன் ஒருத்தன் சத்தமில்லாம படிச்சு மூணு வருஷத்துல எல்லாத்தையும் மறந்துட்டான்னும் வருது. இங்க உடம்பு தானா நினைவு வச்சுக்கறதில்ல, உடம்புக்கு அந்த வேலையக் கொடுக்கணும், அது ஒரு கடமை. இதுக்கு 'உடல் நினைவு'ன்னா சப்புன்னு இருக்கு, 'உடம்பால் நினைவுகூர்தல்'னு வினையா சொன்னாத்தான் சரியா வரும்.

சீனத்துல கதை வேற. அங்க இதுக்குள்ள சொல் ஜ்ர் (志), நாக்க மேல மடிச்சு சொல்ற ஒலி. எழுத்த பிரிச்சா கீழ இதயம், மேல இருக்கறது ஆதியில 'போ'ங்கற எழுத்து. மனவுறுதி, நோக்கம்னு ஒரு அர்த்தம், மனசுல பதிச்சு வைக்கிறதுன்னு ஒரு அர்த்தம், 'பதிவேடு'ன்னும் ஒரு அர்த்தம், மூன்று ராஜ்ஜியங்களோட வரலாற்று நூலுக்கு 'சான்குவோ ஜ்ர்'னு பேர் வந்தது அதனாலதான். ஹுவாங்தி நெய்ஜிங்னு சீன வைத்தியத்தோட மூலநூல், அதுல லிங்ஷூ பகுதி 8ஆம் அத்தியாயம் சொல்றது: இதயம் நினைவுல கொண்டுவர்றது யீ (எண்ணம்), அந்த யீ தங்கி நிலைச்சா அது ஜ்ர். அந்த ஜ்ர் தங்குற இடம் சிறுநீரகம். அடங்காத கோபம் வந்தா ஜ்ர் அடிபடும், அப்போ தான் முன்னாடி சொன்ன பேச்சே தனக்கு மறந்துபோகும்னும் அங்கயே இருக்கு, வீட்ல கத்தி சண்டை போட்டவங்களுக்கு இது விளக்க வேண்டியதில்ல. சிறுநீரகம்தான் எலும்பையும் மஜ்ஜையையும் பேணுது, மூளை மஜ்ஜையோட கடல்னு அவங்க கணக்கு, அதனால வயசானவங்க மறதிக்கு சிறுநீரகத்த பலப்படுத்த மருந்து கொடுப்பாங்க. இடுப்புல ரெண்டாவது முள்ளெலும்புக்கு ரெண்டு பக்கமும் தள்ளி இருக்கற அக்குபங்சர் புள்ளிக்கு 'ஜ்ர் ஷ்ர்'னே பேர், ஜ்ர் குடியிருக்கற அறை. சீன வைத்தியர்கள் எல்லாரும் இத ஏத்துக்கிட்டாங்கன்னும் இல்ல, வாங் சிங்ரென் 1830ல நினைவு இருக்கறது இதயத்துல இல்ல, மூளையிலதான்னு எழுதிட்டார்.

ஜ்ர்க்கு தமிழ் என்னன்னு கேட்டா நான் 'உள்ளல்'னு சொல்வேன். குறள்ல 'உள்ளினும் தீராப் பெருமகிழ்'னு வர்ற இடத்துல உள்ளுறதுன்னா நினைவுகூர்றது, 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்'னு வர்ற இடத்துல குறிக்கோள், ஊக்கம். நினைவும் உறுதியும் ஒரே சொல்லுக்குள்ள, கூடவே உள்ளங்கற இடமும் அதே வேர்ல. 'நினைவாற்றல்'னு போட்டா பாதி போயிடுது, 'மனவுறுதி'ன்னு போட்டா மீதிப் பாதி போயிடுது.

எபிரேயத்துலயும் சிறுநீரகம் வருது, கெலாயோத்னு. சங்கீதம் 16:7ல ராத்திரியில என் கெலாயோத் எனக்குப் புத்தி சொல்லுதுன்னு இருக்கு, தால்முத்ல சிறுநீரகங்கள் ஆலோசனை சொல்லும், இதயம் பகுத்தறியும்னு இருக்கு. அதப் பார்த்துட்டு யூதரும் சீனரும் ஒண்ணாத்தான் சொல்லியிருக்காங்கன்னு கிளம்பிடாதீங்க, அங்க அது ஆலோசனைக்கும் மனசாட்சிக்கும் உள்ள இடம், சீனத்துலதான் நினைவு தங்குற இடம். தமிழ் பைபிள்ல லேவியராகமத்துல பலிமிருகத்துக்கு வர்றப்போ இந்த உறுப்ப 'குண்டிக்காய்'னு போட்டவங்க சங்கீதத்துல 'உள்ளிந்திரியங்கள்'னு போட்டிருக்காங்க, அழகான மொழிபெயர்ப்புதான், ஆனா ரெண்டும் ஒரே உறுப்புன்னு படிக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்ல.

சீன வைத்தியத்த தமிழ்ல எழுதறவங்க இந்த விஷயத்துல கொஞ்சம் கவனமா இருக்கணும். 'உங்க கிட்னி வீக்'னு அக்குபங்சர்காரர் சொன்னத கேட்டு பதறி கிரியேட்டினின் டெஸ்டுக்கு ஓடினவங்க எனக்குத் தெரிஞ்சு இருக்காங்க, ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் இவர் பொய் சொல்லிட்டார்னு கோபம் வேற. அவங்க சொல்ற கிட்னி எலும்பு, மஜ்ஜை, காது, முடி, உள்ளல் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி, லேப் சொல்ற கிட்னி ரத்தத்த வடிகட்டுற உறுப்பு. 'சிறுநீரகம்'ங்கற சொல்லே சிறுநீர வச்சு அமைஞ்சதால அங்க நினைவு இருக்குன்னு எழுதினா அபத்தமா கேக்குது, 'சீனமுறைச் சிறுநீரகம்'னு முதல் தடவையே தெளிவா எழுதிட்டு அப்புறம் மேல போங்க.